வீட்டோடு மாப்பிள்ளை

17 நாள் பாடுபட்டு இரண்டு முயல்களையும் ராசியாக்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு ஒரே கூடையில் வைத்து வீட்டுக்குள் கொண்டுவந்தேன். பத்து முப்பத்தைந்துக்கு ஹால் முழுக்க வெள்ளை முடி பறந்துகொண்டிருந்தது. யாரோ இலவம்பஞ்சுத் தலையணையைக் கிழித்து உதறிய மாதிரி. இரண்டும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு பம்பரமாகச் சுற்றின. அம்மா காபி டம்ளரோடு சோபா மேல் ஏறி நின்றுவிட்டார். நான் சமையலறைக்கு ஓடி, கையில் அகப்பட்ட முறத்தை எடுத்துவந்து இரண்டுக்கும் நடுவில் செருகினேன். அன்றைக்கு நான் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான்.

முந்தின நாள் சாயங்காலம் அவை இருந்த இருப்பே வேறு. பக்கத்து போர்ஷனின் காலி அறையில் ஒட்டிப் படுத்திருந்தன. பொரி தலையைத் தரையோடு தாழ்த்திக் காட்ட, கருப்பட்டி அவன் நெற்றியை நக்கிக்கொண்டிருந்தாள். அதை வீடியோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் வேறு போட்டிருந்தேன். சித்தி "கண்ணு பட்டுறும், சுத்திப் போடு" என்று எழுதியிருந்தார். சுத்திப் போட்டிருக்கலாமோ என்னவோ.

அம்மா சோபாவிலிருந்து இறங்காமலே தீர்ப்பு சொன்னார். "அது அவ ஊடு அம்மிணி. நீ பாட்டுக்கு ஒருத்தன கொண்டாந்து நடு ஊட்ல உட்டா சும்மா இருப்பாளா? ஊட்டோட மாப்பிள்ளைன்னா கொஞ்ச நாளு திண்ணையிலதான் படுக்கோணும்."

சிரிப்பு வந்தது. ஆனால் விஷயம் அதுவேதான். முயல்களை ஜோடி சேர்ப்பது எப்படி என்று வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. பெரும்பாலும் இரண்டும் ஒட்டிப் படுக்கும் காட்சியோடு 'சுபம்' போட்டுவிடுகிறார்கள். அதற்கு மறுநாள் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அந்த மறுநாளைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

கதையை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். கருப்பட்டி வந்து 3 வருஷம் ஆகிறது. விற்ற கடைக்காரர் 'ஆண் குட்டி' என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார். அதனால் ஐந்து மாதம் அவள் பெயர் கருப்பன். தடுப்பூசிக்காக நாயைக் கொண்டுபோன தோழியோடு கூடப்போன இடத்தில் டாக்டர் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது பொண்ணுங்க" என்றார். திரும்பி வரும்போது ஆட்டோவிலேயே பாப்பா அவளைக் கருப்பட்டி ஆக்கினாள். குட்டியாக இருக்கும்போது ஆணா பெண்ணா என்று பார்ப்பது தெரிந்தவர்களுக்கே தடுமாற்றம்தான். அதனால்தான் 'இரண்டும் பெண்' என்று நம்பி வாங்கியவர்கள் வீட்டில் ஒரே மாதத்தில் ஆறு குட்டி கிடக்கிறது. சினைக்காலம் வெறும் 31 நாள் சொச்சம்.

பொரி பாப்பாவின் பள்ளித் தோழி வீட்டு முயல். அவர்கள் பெங்களூருக்கு வீடு மாறிப் போனபோது எங்களிடம் வந்தான். தூய வெள்ளை, சிவப்புக் கண். எதையாவது உற்றுப் பார்க்க வேண்டுமென்றால் தலையை இடதும் வலதுமாக மெல்ல ஆட்டுவான். முதலில் ஏதோ நோய் என்று பயந்தோம். சிவப்புக் கண் முயல்களுக்குப் பார்வை கொஞ்சம் மட்டு, தலையை அசைத்துத்தான் தூரத்தைக் கணக்குப் போடும் என்று பிறகு தெரிந்தது. அவனுக்கு 2.6 கிலோ, கருப்பட்டிக்கு 1.9. சண்டை என்று வந்தால் எடைக்கு ஒரு மதிப்பும் கிடையாது என்பதை அந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்தேன்.

இரண்டுக்கும் கருத்தடை ஆபரேஷன் பண்ணியது ஜோடி சேர்க்க நினைத்ததற்கு முந்தின வேலை. அதில் ஒரு கூத்து. போனில் பேசியவர், "ராத்திரி பத்து மணிக்கு மேல ஒண்ணும் குடுக்காதீங்க" என்றார், நாய்க்குச் சொல்வது போல. அப்படியே பட்டினி போட்டுக் கொண்டுபோனால் டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். முயலுக்கு வாந்தி வராது. அதனால் நாய் பூனை மாதிரி ராத்திரி முழுக்கப் பட்டினி போட வேண்டியதில்லை, போட்டால் குடல் நின்றுபோகும் ஆபத்து வேறு. அன்றைக்கு ஆபரேஷனைத் தள்ளிவைத்துவிட்டு, அடுத்த வாரம் வயிறு நிறையப் புல் தின்ற முயல்களோடு போனோம். பெண் முயலுக்குக் கருத்தடை பண்ணாமல் விட்டால் வயதாக ஆகக் கர்ப்பப்பைப் புற்றுநோய் வருவது சகஜம், அதனால் தனியாக வளர்த்தாலும் பண்ணிவிடுங்கள் என்றார் டாக்டர். ஆணுக்கு ஆபரேஷன் முடிந்த பிறகும் 6 வாரம் வரை கருத்தரிக்க வைக்கும் திறன் மிச்சம் இருக்கலாம். அதுவரை பொரி பாப்பாவின் அறையில், கருப்பட்டி ஹாலில். நடுவில் ஒரு கம்பிக் கதவு.

வீட்டுக்கார அக்கா பக்கத்து போர்ஷனின் சாவியைக் கொடுத்தது எங்கள் அதிர்ஷ்டம். ஆறு மாதமாகக் காலியாகக் கிடந்தது. இரண்டு முயலும் மோந்தே பார்த்திராத தரை. பொதுவான இடம் என்றால் இதைவிட வேறென்ன வேண்டும்? முதல் நாள் பத்து நிமிஷம், அப்புறம் கால் மணி, அரை மணி என்று கூட்டிக்கொண்டே போய், கடைசி மூன்று நாள் ராத்திரியும் பகலும் அங்கேயே இருந்தன. அந்தப் பகுதியை நீட்டப் போவதில்லை. பொறுமை, வேர்க்கடலை அளவுக்கு ஒரு துண்டு வாழைப்பழம், மறுபடி பொறுமை. சிலர் இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டுக் காரில் சுற்றிவந்தால் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும் என்கிறார்கள். பயத்தில் ஒட்டுவது ஒட்டுவதா? பஸ் குலுக்கலில் பக்கத்து சீட்டுக்காரரைப் பிடித்துக்கொள்கிறோம், இறங்கினதும் அவர் யாரோ நாம் யாரோ.

பதினாறாம் நாள் அக்கா படியேறி வந்து, "அட்வான்ஸ் குடுத்துட்டாங்க கண்ணு, ஒண்ணாந் தேதி வர்றாங்க" என்றார். அந்த அவசரத்தில்தான் ஞாயிற்றுக்கிழமை கூடையோடு கிளம்பினேன். கருப்பட்டியின் பழைய கூண்டு, பழைய பாய், பழைய தண்ணீர்க் கிண்ணம் எல்லாம் அப்படியே இருந்த மூலையில் இரண்டையும் இறக்கிவிட்டேன்.

முயலுக்குத் தாடைக்கு அடியில் வாசனைச் சுரப்பி இருக்கிறது. மேஜைக் கால், கதவு நிலை, செருப்பு என்று எதைக் கண்டாலும் தாடையை ஒரு இழுப்பு இழுத்துவிட்டுப் போகும். நம் மூக்குக்கு ஒன்றும் தெரியாது. எனக்கு அது ஹால். அவளுக்கோ, சோபாவின் நாலு காலிலும் 3 வருஷமாகத் தன் பெயர் எழுதிவைத்த சொந்தப் பட்டா நிலம். பக்கத்து போர்ஷனில் பொரி நண்பன். இங்கே நுழைந்ததும் ஆக்கிரமிப்பாளன்.

தமிழில் எல்லாவற்றுக்கும் முயல் என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டிருப்பதால் நமக்கு ஒரு குழப்பம் உண்டு. வரப்போரம் பாய்ந்து ஓடுகிற நம் காட்டு முயல் வேறு ஜாதி. அது வளை தோண்டாது, புதரடியில் படுக்கும், பெரும்பாலும் தனியாகத் திரியும். அதைப் பிடிப்பது வனச்சட்டப்படி குற்றமும்கூட. கடையில் விற்கிற வளர்ப்பு முயலின் பாட்டன் பூட்டன் ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கத்து மண்ணில் வளை தோண்டிக் கூட்டமாக வாழ்ந்த இனம். கூட்டத்தில் வாழ்வதால் அதற்குத் துணை வேண்டும். வளை சொந்தம் என்பதால் எல்லையும் வேண்டும். இந்த இரண்டு ஆசையும் ஒரே இரண்டு கிலோ உடம்புக்குள் இருப்பதுதான் நம் தலைவலி எல்லாம்.

'முயலைத் தனித்தனியாத்தான் வைக்கணும்' என்று சொல்பவர்களும் பொய் சொல்லவில்லை. அவர்கள் பேசுவது பண்ணைக் கணக்கு. கொடைக்கானலுக்கு மேலே மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறியாடு, கம்பள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் இருக்கிறது. அங்கே கறிக்கான ஒயிட் ஜெயன்ட், சோவியத் சின்சில்லா வகைகளை வைத்திருக்கிறார்கள். பண்ணை என்றால் வளர்ந்த முயலைக் கூண்டுக்கு ஒன்றாகத்தான் வைக்க முடியும். கருத்தடை பண்ணாத முயல்கள் கடித்துக் குதறிக்கொள்ளும், எது எதனோடு சேர்ந்தது என்ற கணக்கும் கெட்டுப்போகும். அந்த விதியை அப்படியே ஹாலுக்குக் கொண்டுவந்து, பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றால்தான் தப்பு.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். பிரித்ததும் முதல் வேலை காயம் பார்ப்பது. முயலின் தோல் மெல்லிசு. மேலே முடி அடர்த்தியாக இருப்பதால் கடிபட்டது தெரியாது. பிறகு அது உள்ளுக்குள் சீழ் கோத்துக் கட்டியாகும், பால்கோவா மாதிரி கெட்டிச் சீழ். விரலால் முடியை வகிடு வகிடாகப் பிரித்து உடம்பு முழுக்கப் பார்த்தேன். பொரியின் பின்தொடையில் ஒரு கீறல், அவ்வளவுதான். பறந்ததெல்லாம் முடி. அம்மா மஞ்சள் அப்பச் சொன்னார். நக்கிவிடும் என்பதால் சலைனால் துடைத்ததோடு விட்டேன்.

ஒன்றாந் தேதிக்கு இன்னும் 4 நாள் இருந்தது. இரண்டையும் மறுபடி காலி போர்ஷனுக்கே கொண்டுபோனேன். அரை மணி நேரம் ஒன்றையொன்று பார்க்காத மாதிரி ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தன, விசேஷ வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் போல. அப்புறம் பொரி போய்ப் பக்கத்தில் படுத்தான். அங்கே அவர்களுக்குள் ஒரு தகராறும் இல்லை. இடத்துக்குத்தான் தகராறு.

அந்த 4 நாளில் ஹாலை அவளுடையது இல்லாமல் ஆக்கினேன். பழைய கூண்டைப் பழைய இரும்புக்காரருக்குப் போட்டாயிற்று. பாய் குப்பைக்கு. சோபா கால், சுவரோரம், கதவு நிலை எல்லாவற்றையும் பாதி வெள்ளை வினிகர் பாதி தண்ணீர் கலந்து துடைத்தேன். முயல் மூத்திரத்தில் சுண்ணாம்புச் சத்து அதிகம். காய்ந்தால் வெள்ளையாகப் படியும், வினிகருக்குத்தான் கரையும். சோபாவையும் டிவி ஸ்டாண்டையும் இடம் மாற்றினோம். இரண்டு நாளைக்கு வீடு ஊறுகாய்க் கடை மாதிரி நாறியது. கணவர் ஆபீஸ் விட்டு வந்து, "நாம வேற வீட்டுக்கு வந்துட்டமா?" என்றார். அதுதானே வேண்டும்!

எல்லாம் துடைத்தேனே தவிர, காலி போர்ஷனில் இருந்த சாமான்களை மட்டும் கழுவவே இல்லை. அவர்கள் இருவரும் சேர்ந்து படுத்த சணல் சாக்கு, சேர்ந்து மூத்திரம் போன ட்ரே, சேர்ந்து கடித்த அட்டைப்பெட்டி. அப்படியே அள்ளிவந்து, சாப்பாட்டு மேஜை இருந்த இடத்தில் மடக்குக் கம்பி வேலியால் ஒரு வட்டம் கட்டி அதற்குள் வைத்தேன். அந்த மூலையில் கருப்பட்டி அதிகம் நடமாடியதில்லை. ஆக, அந்தக் காலி அறையையே பெயர்த்து எங்கள் வீட்டுக்குள் வைத்த மாதிரி. புதன்கிழமை சாயங்காலம் அவர்களை இறக்கிவிட்டபோது என் கையில் முறம். பாப்பா கையில் போன். "வீடியோ எடுக்காதே" என்றேன்.

மோந்தார்கள். சாக்கைக் கண்டதும் பொரி ஏறிப் படுத்தான். கருப்பட்டி வேலியைச் சுற்றி இரண்டு முறை நடந்துவிட்டு அவனை ஒரு விரட்டு விரட்டினாள். அவன் நகர்ந்தான். அவள் சாக்கில் உட்கார்ந்தாள். அவன் திரும்பி வந்து அவளுக்குப் பின்னால் படுத்துக்கொண்டான். அவ்வளவுதான் நடந்தது. எனக்கு மட்டும் உள்ளங்கை வியர்த்துப்போயிருந்தது.

அன்றிரவு வேலிக்குப் பக்கத்தில் பாய் விரித்து, முறத்தைத் தலைமாட்டில் வைத்துப் படுத்தேன். இரண்டு மணிக்குத் தொம்மென்று ஒரு சத்தம். பின்னங்காலால் தரையில் அறைவது முயலின் அபாயச் சங்கு. எழுந்து பார்த்தால் சமையலறை ஜன்னலில் தெருப் பூனை. இருவரும் ஒரே பக்கம் திரும்பி, காதை விறைத்து, தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். அதற்கு மேல் தூங்க முடியவில்லை. நாலரைக்கு அவர்களின் ஓட்டம் ஆரம்பித்துவிட்டது. விடியலும் அந்தியும்தான் முயலுக்குச் சுறுசுறுப்பான நேரம்.

முதல் வாரம் எது சகஜம், எது வினை என்று பிரித்துப் பார்ப்பதுதான் கஷ்டம். விரட்டுவது சகஜம். வாயில் ஒரு கொத்து முடியோடு நிற்பதும் சகஜம். மேலே ஏறுவதும் அப்படியே. கருத்தடை பண்ணியாயிற்றே, இன்னும் ஏறுகிறதே என்று பயப்பட வேண்டாம், அது யார் பெரியவர் என்ற கணக்கு, பெண்ணும் ஏறும். எங்கள் வீட்டில் ஏறியதெல்லாம் கருப்பட்டிதான். தலைப்பக்கமிருந்து ஏறினால் மட்டும் உடனே இறக்கிவிட வேண்டும், கீழே இருக்கிற முயலின் வாய்க்கு நேராக எது வரும் என்று யோசித்தால் காரணம் புரியும். பழக்கம் மாறாமல் இருந்த ட்ரேயை விட்டுவிட்டு அறை முழுக்கப் புழுக்கை போடுவதும் எல்லைக்கல் நடுகிற வேலைதான். அதைத் திட்டாமல் பெருக்கி அள்ளி ட்ரேயிலேயே போட்டுவந்தேன். பத்து நாளில் அடங்கியது.

காது பின்னால் படிந்து, வால் நிமிர்ந்து, இரண்டும் ஒன்றின் பின்பக்கத்தை ஒன்று துரத்தி வட்டமாகச் சுற்ற ஆரம்பித்தால் அதுதான் வினை. அடுத்த நொடி கவ்விக்கொள்ளும். அப்போது கையை விடவே கூடாது. முயல் பல் விரல் எலும்பு வரை இறங்கும். தலையணை, துண்டு, எங்கள் வீட்டில் முறம், எதையாவது நடுவில் செருகுங்கள். முறத்தின் வசதி என்னவென்றால் அகலம் இருக்கிறது, கனம் இல்லை, பட்டால் அடியும் படாது. செல்லப்பிராணிக் கடைகளில் இதற்கென்று ஒரு சாமான் விற்காதது ஆச்சரியம்தான்.

சாமான்களில் நான் பண்ணிய தப்புகளையும் சொல்லிவிடுகிறேன். ஒளிந்துகொள்ள அழகான அட்டைப்பெட்டி, ஒரே வாசல். பொரி உள்ளே போனதும் கருப்பட்டி வாசலில் உட்கார்ந்துகொண்டாள். போலீஸ் வளைத்த மாதிரி அவன் உள்ளேயே ஒரு மணி நேரம். கத்தியால் மறுபக்கமும் ஒரு வாசல் வெட்டியதும் அது விளையாட்டாக மாறிவிட்டது. அடுத்தது டைல்ஸ். வழவழப்பான தரையில் விரட்டினால் கால் பரத்திக்கொண்டு வழுக்குகிறது, வழுக்கியது பயந்துபோய்த் திரும்பிக் கடிக்கிறது. சணல் மிதியடிகளைப் போட்ட பிறகு பாதிச் சண்டை குறைந்தது. கோரைப்பாயும் போட்டுப் பார்த்தேன், மூன்று நாளில் தின்றுவிட்டார்கள்.

இடத்தை ஒரேயடியாகத் திறந்துவிடவில்லை. ஐந்து நாள் வேலிக்குள். அப்புறம் பாதி ஹால். ஒரு வாரம் கழித்து முழு ஹால். ஒவ்வொரு புது அடிக்கும் பழைய தகராறின் சின்னப் பிரதி ஒன்று நடக்கும். மூன்றாவது வாரம் பால்கனியைத் திறந்த அன்றைக்கு மறுபடி முடி பறந்தது. கருப்பட்டிக்கு வெயில் காய அங்கே ஒரு சொந்த ஜமுக்காளம் இருந்தது, அதை எடுக்க மறந்திருந்தேன். ஆக, முயலை விட நான்தான் மெதுவாகக் கற்றுக்கொள்கிற ஜாதி. அந்தத் துணியைத் துவைத்தேன், பால்கனியை மூடினேன், நாலு நாள் கழித்துத் திறந்தேன்.

நடுவில் ஒரு நாள் அம்மா போன் பண்ணி, "ஓடியா, ரத்தமாப் போயிருக்குது" என்று அலறினார். ஆபீசிலிருந்து ஸ்கூட்டரில் பறந்து வந்தால், ட்ரேயில் செம்மண் கரைசல் மாதிரி மூத்திரம். இரண்டும் குதித்துக்கொண்டிருக்கின்றன. முயல் மூத்திரம் தின்னும் தழையைப் பொறுத்து ஆரஞ்சு, சிவப்பு வரை நிறம் மாறும். முழுக்க ஒரே நிறமாக இருந்தால் பெரும்பாலும் நிறம்தான். திட்டுத்திட்டாக ரத்தம் தெரிந்தாலோ முக்கினாலோ டாக்டர்.

இனி, நான் நிஜமாகப் பயந்த விஷயம். ஜோடி முயலில் ஒரு வசதிக்குறைவு உண்டு. யார் தின்றது, யார் தின்னவில்லை என்று தெரியாது. ஒற்றை முயல் இருந்தபோது புல் தட்டையும் ட்ரேயையும் பார்த்தாலே அவள் உடம்பு எப்படி என்று தெரிந்துவிடும். இப்போது தட்டு காலியாகிறது, ட்ரே நிறைகிறது. திருப்தியாக இருந்தேன். ஐந்தாவது வாரம் ஒரு சனிக்கிழமை காலை கொத்தமல்லித் தழையோடு உட்கார்ந்தால் கருப்பட்டி மட்டும் ஓடிவந்தாள். பொரி சாக்கின் ஓரத்தில் முதுகைக் கூனிக்கொண்டு, கண் பாதி மூடி உட்கார்ந்திருந்தான். மூக்கருகே கொண்டுபோய் வைத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டான். பல்லை நறநறவென்று கடிக்கும் சத்தம் கேட்டது. மெல்லிசாகப் பல் உரசினால் சுகம், இப்படி நறநறத்தால் வலி.

முயலின் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். 12 மணி நேரம் தின்னாமல் இருந்தால் அது அவசரம், நாளைக்குப் பார்க்கலாம் என்ற பேச்சே கூடாது. கூடையை எடுத்தேன். பொரியை வைத்தேன். அப்புறம் கருப்பட்டியையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். ஒன்றை மட்டும் கொண்டுபோய்க் கொண்டுவந்தால் அது மருந்து, நாய், ஸ்பிரிட் என்று என்னென்னவோ வாசனையோடு திரும்பும். வீட்டில் இருந்தது அதை அந்நியனாக நினைத்துப் பாயும், ஐந்து வாரப் பாடும் வீண். ஆஸ்பத்திரியில் பேர் எழுதியவர், "ஒண்ணுக்குத்தானே உடம்பு சரியில்ல, ரெண்டு எதுக்கு?" என்றார். துணைக்கு என்றேன். கூடை மேல் துண்டைப் போர்த்தி மடியிலேயே வைத்துக்கொண்டேன், எதிரில் ஒரு லாப்ரடார் மூச்சிரைத்துக்கொண்டிருந்தது.

டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார், பின்பற்களில் கூர்முனை இருக்கிறதா என்று பார்த்தார், எக்ஸ்ரே எடுத்து அடைப்பு இல்லை என்று உறுதி செய்துகொண்டார். வாயு நிறைந்திருந்தது. தோலுக்கடியில் திரவம், வலிக்கு ஊசி, குடல் அசைய மருந்து. எடை போட்டால் 2.4. ஐந்து வாரத்தில் 200 கிராம் காணோம். "வீட்ல புல்லு தட்டு எத்தனை?" என்று கேட்டார். இரண்டு என்று பெருமையாகச் சொன்னேன். "எங்கெங்கே?" அங்கேதான் மாட்டிக்கொண்டேன். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருந்தேன். கருப்பட்டி நடுவில் உட்கார்ந்தால் இரண்டும் அவளுடையது. அவன் காத்திருந்து மிச்சத்தைத் தின்றிருக்கிறான், அவ்வளவு நாளாக, சத்தமில்லாமல். சண்டை நின்றுவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டதெல்லாம் அவன் விட்டுக்கொடுத்ததுதான்.

வீட்டுக்கு வந்து உருண்டைத் தீவனத்தை வெந்நீரில் ஊறவைத்துக் கரைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து வாயோரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினேன். துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தேன். கருப்பட்டி வந்து என் முழங்கால் மேல் முன்னங்காலை ஊன்றி எட்டிப் பார்த்தாள். தீவனத்துக்குத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். அவன் காதை நக்கினாள். தாடையில் வழிந்ததையும் நக்கினாள், அது தீவனத்துக்காக இருக்கலாம். ராத்திரி ஒன்பது மணிக்கு ட்ரேயில் மிளகு அளவு ஐந்து புழுக்கை. கணவரை எழுப்பிக் காட்டினேன். வாழ்க்கையில் புழுக்கையை எண்ணிச் சந்தோஷப்படும் நாள் வரும் என்று ஜோசியக்காரர்கூடச் சொன்னதில்லை.

இப்போது புல் இருக்கும் இடம் மூன்று, ஒன்று கிழக்கே, ஒன்று மேற்கே, ஒன்று பால்கனியில். தண்ணீர்க் கிண்ணம் இரண்டு, ட்ரே இரண்டு, எதுவும் எதற்கும் பக்கத்தில் இல்லை. ஞாயிறு தோறும் எடை. தினம் காலையும் மாலையும் ஆளுக்கொரு கொத்தமல்லிக் காம்பு என் கையால், இருவரும் ஓடிவர வேண்டும். அதுதான் எங்கள் வீட்டு அட்டெண்டன்ஸ். காய்ந்த புல்லுக்கு இறக்குமதி திமோத்தி வாங்கிக் கட்டுப்படி ஆகவில்லை, ரோட்ஸ் புல் வாங்குகிறேன். குதிரை மசால் சுலபமாகக் கிடைத்தாலும் அதில் சுண்ணாம்புச் சத்து அதிகம், வளர்ந்த முயலுக்குத் தினமும் ஆகாது. பச்சைக்கு அருகம்புல். வடவள்ளியில் கோயில் வாசலில் கட்டு விற்கும் பாட்டி, "பிள்ளையாருக்கு ஒண்ணு, எலிக்குட்டிக்கு ரெண்டா?" என்று கேட்டுச் சேர்த்துத்தான் வைப்பார். அவருக்கு இன்னும் அது எலிதான்.

ஏப்ரல் வந்தபோது கோயம்புத்தூரே கொதித்தது. முயலுக்கு 28 டிகிரி தாண்டினாலே திணறல். தண்ணீர் பாட்டிலை ஐஸாக்கித் துணி சுற்றி வைத்தேன், ஒன்றுதான் வைத்தேன், கற்றுக்கொண்ட லட்சணம்! பொரி மறுபடி ஓரமாகப் போய் உட்கார்ந்ததைப் பார்த்ததும் ஓடிப்போய் இரண்டாவதை வைத்தேன். அவனோ புது பாட்டிலை விட்டுவிட்டு அவள் பாட்டிலுக்கே போய், அவளை நெட்டித் தள்ளிச் சாய்ந்துகொண்டான். அவள் நகர்ந்து இடம் கொடுத்தாள். அம்மாவிடம் சொன்னேன். "ம்ம், மாப்பிள்ள திண்ணையிலிருந்து உள்ள வந்தாச்சு" என்றார்.

முறம் அதுவரைக்கும் ஹாலில் வேலியின் மேல்தான் செருகிக் கிடந்தது. எப்போது தேவைப்படுமோ என்று. போன மாதம் அம்மா உளுந்து புடைக்க அதை எடுத்துக்கொண்டு போனார். ரெண்டு புடை புடைத்ததும் தரையெல்லாம் பருப்பு. தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். ஒரு ஓரத்தில் மூங்கில் பட்டையை அரை அடி நீளத்துக்கு யாரோ பொறுமையாகத் தின்றிருந்தார்கள். பல் தடம் இரண்டு அளவில் இருந்தது.